வடிந்த நீர் எங்கே போகிறது?

கடலோரத்தில் கழிவைக் கொட்டுகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர் ஏறும் நேரத்தில் கொட்டினால் ஊருக்குள் வரும். வடியும் நேரத்தில் கொட்டினால் கடல் கொண்டுபோய்விடும். மீன் கழுவிய வாளியைக் கவிழ்ப்பவரிலிருந்து ஆலைக் குழாயின் மதகைத் திறப்பவர் வரை நம்புகிற கணக்கு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு மாநகரம் இதை நம்பிக் கோடிக்கணக்கான செங்கற்களை அடுக்கிக் கட்டியே பார்த்துவிட்டது.

1858ஆம் ஆண்டு கோடையில் லண்டனின் தேம்ஸ் ஆறு அப்படி நாறியது. நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுத்தான் உறுப்பினர்களால் உள்ளே உட்கார முடிந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பணம் ஒதுக்கினார்கள். ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளர், ஆற்றை நோக்கி ஓடிய சாக்கடைகளை எல்லாம் குறுக்கே மறித்து, பெரிய நிலத்தடிக் கால்வாய்களில் சேர்த்து, நகருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் என்ற இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனார். கிராஸ்னெஸ் நிலையத்தை 1865இல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார்.

அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அங்கிருந்த தொட்டிகளில் இருந்தது. வந்து சேரும் கழிவுநீரை உடனே ஆற்றில் விடுவதில்லை, தேக்கிவைப்பார்கள். கடலின் ஏற்றம் உச்சத்தைத் தொட்டு, நீர் திரும்பி வடியத் தொடங்கும்போது மதகைத் திறப்பார்கள். வற்றத்தின் முதுகில் ஏறிக் கழிவு கடலை நோக்கிப் போகும். நகரின் நடுவே ஆறு தெளிந்தது, காலரா ஓய்ந்தது. பாசல்ஜெட்டுக்கு இன்றும் தேம்ஸ் கரையில் சிலை இருப்பது நியாயம்தான்.

1878 செப்டம்பர் 3 மாலை, உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற நீராவிப் படகின் மீது, அந்தக் கழிவு நிலையங்கள் இருக்கும் வளைவில், நிலக்கரிக் கப்பல் ஒன்று மோதியது. சில நிமிடங்களில் படகு இரண்டாகி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் விழுந்த நீரில் சற்று முன்புதான் இருபுறத்து மதகுகளும் திறந்துவிடப்பட்டிருந்தன. விபத்துக்குக் காரணம் கழிவு அல்ல. ஆனால் அதன் பிறகு, அந்த நீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற கேள்விகளை யாராலும் ஒதுக்க முடியவில்லை. 1882இல் அரசு ஆணையம் ஒன்று உட்கார்ந்து விசாரித்தது. வற்றத்தோடு அனுப்பிய கழிவு, ஏற்றத்தோடு நகரை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. பிறகு கழிவின் திடப்பகுதியைப் படியவைத்து, 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்தக் கப்பல் போக்குவரத்து 1998 வரை நடந்தது.

வற்றம் கழிவை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று கேட்டு, அதற்குச் சரியாகவே கட்டினார்கள். போனது அடுத்த ஆறு மணி நேரத்தில் எங்கே இருக்கும் என்பதுதான் கணக்கில் விடுபட்டது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதில் பாதி நேரம் நீர் உள்ளே வரும், பாதி நேரம் வெளியே போகும். ஒரு கழிமுகத்தில் ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாவகாசமாக நடக்கும் ஒருவரின் வேகத்தில் பாதிதான். பூஜ்யத்தில் தொடங்கி உச்சம் தொட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வருவதால், ஒரு வற்றத்தில் நீர் போகும் தூரம் சுமார் 7 கிலோமீட்டர். அடுத்த ஏற்றத்தில் அதே 7 கிலோமீட்டர் திரும்பி வரும். ஆற்றிலிருந்து நன்னீர் வந்தால் அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெளியே தள்ளும். குறுக்குவெட்டு 1,000 சதுர மீட்டர் உள்ள கழிமுகத்தில் நொடிக்கு 10 கன மீட்டர் ஆற்றுநீர் வந்தால், ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நிகர முன்னேற்றம் அரைக் கிலோமீட்டர் கூட இல்லை. ஏழு போய், ஆறரைக்கு மேல் திரும்பி வரும் பயணம். கண்ணுக்கு ஆறு பாய்ந்தோடுவதாகத் தெரியும். கழிவோ நாள்கணக்கில் அதே கரைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும்.

ஆற்றில் நீரே வராவிட்டால்? சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றின் கதை அதுதான். 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் அந்த ஆற்று நீரைச் சென்னையின் குடிநீருக்காகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்துபோவது பெரும்பாலும் கடல்நீர் மட்டுமே. கூடவே பக்கிங்காம் கால்வாய் வழியாக நகரமும் தொழிற்பேட்டையும் அனுப்பும் கழிவும் வருகிறது. அங்கே கழிவை வெளியேற்றும் வேலை முழுக்க, ஏற்றமும் வற்றமும் சேர்ந்த ஓதத்தின் தலையில் விழுந்திருக்கிறது. ஓதமோ, நம் கணக்குப்படி, போன தூரமெல்லாம் திரும்பி வருகிற ஒன்று.

ஒவ்வொரு துளியும் புறப்பட்ட இடத்துக்கே அப்படியே திரும்பி வந்தால், எந்த அழுக்கும் எங்கும் பரவாது, எங்கிருந்தும் நீங்காது. நடைமுறையில் பரவுகிறது, நீங்கவும் செய்கிறது. அப்படியானால் போன வழியும் வந்த வழியும் எங்கோ வேறுபடுகின்றன. ஓதம் மாசை எப்படிப் பரப்புகிறது என்ற முழு அறிவியலும் அந்த வேறுபாட்டைத் தேடிப்போன கதைதான்.

மிகத் தெளிவான வேறுபாடு முகத்துவாரத்திலேயே இருக்கிறது. எரியும் அகல்விளக்கின் முன் உட்கார்ந்து வாயைக் குவித்து ஊதுங்கள், சுடர் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து காற்றை உள்ளே இழுத்துப் பாருங்கள். சுடர் அசையக்கூட அசையாது. ஊதும்போது காற்று ஒரே திசையில் கோடாகப் பாய்கிறது. இழுக்கும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கடலில் திறக்கும் குறுகிய முகத்துவாரமும் அப்படித்தான் மூச்சு விடுகிறது. வற்றத்தில் உள்ளிருக்கும் கலங்கல் நீர் கடலுக்குள் நீளமாகப் பீறிட்டுப் போகிறது; ஏற்றத்தில் வாசலைச் சுற்றி அரைவட்டமாக இருக்கும் நீர் உள்ளே நுழைகிறது. பீறிட்டுப் போனதில் ஒரு பகுதி அந்த அரைவட்டத்துக்கு வெளியே தப்பிவிடுகிறது. வெளியே கரையோர நீரோட்டம் பலமாக இருந்தால் தப்பிய பங்கு இன்னும் கூடும். கழிமுகம் தன்னைக் கழுவிக்கொள்வது இந்த வித்தியாசத்தால்தான். ஹென்றி ஸ்டோமல் போன்ற கடலியலாளர்கள் 1950களிலேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு நீர் வந்துபோகிறது என்ற அளவு. தாழ்ந்த மட்டத்துக்கும் உயர்ந்த மட்டத்துக்கும் நடுவே கழிமுகம் கொள்ளும் நீர்தான் அதன் மூச்சுக் கொள்ளளவு. 1931இல் அமெரிக்கப் பொறியாளர் மாரோ ஓ'பிரையன், பசிபிக் கரையின் முகத்துவாரங்களை அளந்து ஓர் உறவைக் கண்டார்: உள்ளே வந்துபோகும் நீரின் அளவு எவ்வளவோ, அதற்கேற்ற அகலமும் ஆழமும்தான் வாசலுக்கு நிலைக்கும். வாசலைத் திறந்து வைத்திருப்பது அந்த நீரின் வேகம். வேகம் குறைந்தால் அலைகள் கொண்டுவரும் மணல் வாசலை அடைக்கும்.

இதை எண்ணூரில் பொருத்திப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. முகத்துவாரத்தை அது எப்போதும் மூடப் பார்க்கும். உள்ளே இருக்கும் உப்பங்கழியிலும் சதுப்பிலும் சாலை, கிடங்கு, சாம்பல் குளம் என்று ஏதாவது எழுந்தாலோ, அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் குழாய் உடைந்து கசிந்து கழியின் தரை மேடானாலோ, மூச்சுக் கொள்ளளவு குறைகிறது. கொள்ளளவு குறைந்தால் வாசலில் வேகம் குறைகிறது; மணல் சேர்கிறது; வாசல் சுருங்குகிறது; சுருங்கிய வாசல் வழியே இன்னும் குறைவான நீர் வருகிறது. கழியின் ஒரு மூலையில் கொட்டிய மண், பல கிலோமீட்டர் தள்ளி வாசலை அடைக்கும் என்று சொன்னால் கேட்பவருக்கு மிகையாகப் படும். மிகையில்லை. தூர்வாரும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வாசலைத் தோண்டினாலும், உள்ளே நீர் நிற்க இடமில்லாவிட்டால் மணல் திரும்ப வந்துவிடுகிறது. கொட்டிய பொருளில் நஞ்சே இல்லாவிட்டாலும் கழிமுகம் அசுத்தமாவதற்கு இந்த ஒரு வழி போதும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் உறைக்கிறது.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் விஷயம் இன்னும் நுணுக்கமாகிறது. நடு ஓடையில் நீர் வேகமாக ஓடும். கரையோரத்திலும் அடியிலும் மெதுவாக நகரும். கேம்பிரிட்ஜின் ஜி.ஐ.டெய்லர் 1953இல் மெல்லிய குழாயில் சாயத்தை விட்டு இதன் விளைவைக் காட்டினார். நடுவே இருக்கும் சாயம் முன்னே ஓடுகிறது, ஓரத்துச் சாயம் பின்தங்குகிறது, இரண்டும் குறுக்கே கலந்துகொள்கின்றன. சாயம் தானாகப் பரவுவதைவிடப் பல மடங்கு வேகமாக நீளவாக்கில் இழுபட்டுப் போகிறது. ஓதத்தில் ஓட்டம் திரும்பும்போது இழுபட்டது மறுபடி சுருங்க வேண்டும். ஆனால் அதற்குள் நடுவில் இருந்த சில துளிகள் ஓரத்துக்கும், ஓரத்துத் துளிகள் நடுவுக்கும் மாறியிருக்கும். அவற்றுக்குத் திரும்பும் வழி மாறிவிட்டது.

இடம் மாறிய துளிகளுக்கு ஒளிந்துகொள்ளவும் இடம் உண்டு. அலையாத்திக் காட்டின் சிறு ஓடைகள், படகுத் துறை, பாலத்தூணின் பின்புறம், பாதி தூர்ந்த கால்வாய் என்று ஒவ்வொன்றும் ஏற்றத்தில் கொஞ்சம் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். பெரிய ஓடையில் நீர் தன் உந்துதலால் மட்டம் உச்சத்தைத் தொட்ட பிறகும் சற்று நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சிறு ஓடையோ மட்டம் இறங்கத் தொடங்கியதுமே காலியாகத் தொடங்கிவிடும். ஆகவே சேர்ந்து வந்த இரண்டு துளிகளில், ஒதுங்கியது ஒன்று, ஓடையில் போனது ஒன்று என்றால், அவை மறுபடி சந்திப்பதே இல்லை. ஜப்பானில் பிறந்த கடலியலாளர் அகிரா ஒக்குபோ 1973இல் இந்தப் பொறியைக் கணக்கிட்டுக் காட்டினார். மாசு ஒரு கூட்டமாக வந்து கூட்டமாகப் போகாமல், நீண்ட வாலாக இழுத்துக்கொண்டு பல நாள் தங்குவதற்கு இந்தப் பொந்துகள் பெரிய காரணம்.

1980களில் டச்சு அறிவியலாளர் ஸிம்மர்மன் இன்னும் ஒரு படி போனார். முனைகளும் மணல்திட்டுகளும் நீரில் சுழல்களை உண்டாக்குகின்றன. ஓதம் முன்னும் பின்னும் போகும் தூரமும் சுழல்களின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இடத்தில், துளிகளின் பாதை கணிக்க முடியாத ஒழுங்கின்மைக்குப் போய்விடுகிறது. நிலவின் நகர்வை ஒரு நூற்றாண்டுக்கு முன்கூட்டியே சொல்லலாம். ஓத அட்டவணையை அடுத்த ஆண்டுக்கு நிமிடச் சுத்தமாக அச்சிடலாம். அந்தக் கச்சிதமான கடிகாரம் ஓட்டும் நீரில், பக்கத்துப் பக்கத்தில் விட்ட இரண்டு துளிகள் சில சுற்றுகளுக்குப் பின் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது நீரோடு கரைந்து போகும் மாசு. சேற்றோடு ஒட்டிக்கொள்ளும் மாசின் கதை வேறு. எனக்கு அதுதான் இந்தத் துறையிலேயே பெரிய ஆச்சரியம். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் பல எண்ணெய்ப் பொருள்களும் நீரில் நிற்பதைவிட நுண்ணிய களிமண் துகளில் ஒட்டிக்கொள்ளவே விரும்புகின்றன. அந்தத் துகள் எங்கே போகிறது? ஆற்று முகம் என்பதால் கடலுக்கு என்றுதான் நினைப்போம். நெதர்லாந்தின் வாடன் கடலில் வேலை செய்த வான் ஸ்த்ராத்தன், கியூனென், போஸ்ட்மா ஆகியோர் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் தலைகீழாகக் கண்டார்கள். அங்கே சேறு உள்நோக்கிப் போகிறது.

ஒரு துகளைப் பின்தொடர்ந்தால் புரியும். ஏற்றத்தில் அது உள்ளே வருகிறது. வேகம் குறைந்ததும் கீழே இறங்கத் தொடங்குகிறது. ஆனால் களிமண் துகள் உடனே விழாது, நிதானமாக இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் நீர் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். இப்போது வற்றம் தொடங்குகிறது. படிந்த துகளைக் கிளப்ப, அதைப் படியவிட்ட வேகத்தைவிட அதிக வேகம் தேவை. அது விழுந்திருப்பதோ உள்ளே, ஓட்டம் பலவீனமாக இருக்கும் மேட்டில். கிளம்பத் தாமதமாகிறது. கிளம்பினாலும் வற்றம் முடிவதற்குள் பழைய இடத்தை எட்ட முடிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு உள்ளே. நாளைக்கு இரண்டு சுற்று, ஆண்டுக்கு 700 சுற்றுக்கு மேல்.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் செல்லாஃபீல்டு அணு நிலையம் 1950களிலிருந்து குழாய் வழியாகக் கதிரியக்கக் கழிவை ஐரிஷ் கடலில் விட்டது. அதில் இருந்த புளுட்டோனியம் கடலடிச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும், அங்கேயே கிடக்கும் என்பது எதிர்பார்ப்பு. முதல் பாதி சரியாயிற்று, ஒட்டிக்கொண்டது. அங்கேயே கிடக்கவில்லை. சேறு ஓதத்தோடு நடந்தது. சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே ரேவன்கிளாஸ் கழிமுகத்தின் உப்புச் சதுப்புகளில், புல் முளைத்த கரைகளில், அடுக்கடுக்காகப் படிந்தது. குழாயிலிருந்து வந்த அளவு 1970களின் நடுவில் உச்சம் தொட்டுப் பிறகு வெகுவாகக் குறைந்தபோது, அந்த ஏற்றமும் இறக்கமும் சேற்றின் அடுக்குகளில் பதிவாகியிருந்தன. கடலுக்கு அனுப்பியதை ஓதம் நிலத்துக்குக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கிவைத்திருந்தது.

எண்ணெய் இன்னொரு ரகம். அது மிதக்கிறது, ஆகவே நீரோட்டத்தோடு காற்றின் பேச்சையும் கேட்கும். காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு எண்ணெய்ப் படலத்துக்குக் கிடைக்கும் என்பது கடல் மீட்புக்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. எண்ணெய் கரையை எங்கே தொடும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் சொல்லும். எவ்வளவு உயரத்தில் ஒட்டும், எத்தனை நாள் ஒட்டியிருக்கும் என்பதைத் திதி சொல்லும்.

அமாவாசையும் பௌர்ணமியும் வந்து ஓரிரு நாளில் ஓதம் பெரிதாகும். அட்டமியை ஒட்டிச் சிறுக்கும். சென்னைத் துறைமுகத்தில் பெரிய ஓத நாளில் தாழ்வுக்கும் உயர்வுக்கும் நடுவே ஏறத்தாழ 1 மீட்டர்; சிறிய ஓத நாளில் 40 சென்டிமீட்டர் அளவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பெரிய ஓதம் 10 மீட்டரைத் தொடும். அதன் கரையில் உள்ள அலங்கில் பழைய கப்பல்களை அந்த ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டுவந்து கரையில் ஏற்றி உடைக்கிறார்கள். உடைத்த கப்பலின் எண்ணெயையும் வண்ணப்பூச்சையும் அள்ளிப் போவதும் அதே ஓதம்தான். அதோடு ஒப்பிட்டால் நம்முடையது சின்ன ஓதம். ஆனால் தட்டையான கழிவெளியில் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது ஏக்கர் கணக்கில் சேறு மூழ்குவதா காய்வதா என்ற வித்தியாசம்.

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதின. கனமான எரியெண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரைப் பாறைகளுக்கு நடுவே தார் போலத் தேங்கிய அதை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். அது தை அமாவாசையை ஒட்டிய அதிகாலை. ஓதம் பெரிதாக இருந்த நாள்களில் கரையைத் தொட்ட எண்ணெய், தொடக்கூடிய உயரத்தை எல்லாம் தொட்டது. பிறகு ஒரு வாரம் ஓதம் சுருங்கிக்கொண்டே போனது. மேல்வரிசைப் பாறையில் ஒட்டியதைக் கழுவ அலைதான் ஏறிவர வேண்டியிருந்தது; ஓதத்துக்கு எட்டவில்லை.

2023 டிசம்பரில் நடந்தது இதற்கு நேர்மாறு. மிக்ஜாம் புயலின் மழை 3, 4 தேதிகளில் கொட்டியது. மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகில் கறையோடு நின்றன. புயல் ஆந்திரக் கரையைக் கடந்த 5ஆம் தேதி தேய்பிறை அட்டமி. அதாவது ஓதம் தன் மிகச் சிறிய அளவில் இருந்த நேரம். 12ஆம் தேதி அமாவாசை. வெள்ளம் வடிந்த பிறகும், இடைப்பட்ட அந்த வாரத்தில் ஒவ்வொரு ஏற்றமும் முந்தையதைவிடச் சற்று மேலே எட்டும். தாழ்ந்த விளிம்பில் ஒட்டியதைக் கிளப்பி, படிப்படியாக மேலே, அலையாத்திக்குள் ஏற்றிக்கொண்டே போகும் திசையில் நாள்காட்டி இருந்தது. அள்ளுகிறவர்களுக்கு அந்த முதல் வாரம் எவ்வளவு விலை மதிப்புள்ளது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அலையாத்தியின் காலடியில் குனிந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களின் தோலில் ஊசிமுனை அளவு துளைகள். வற்றத்தில் அவற்றின் வழியேதான் மரம் காற்று வாங்குகிறது. ஏற்றம் கொண்டுவரும் எண்ணெய், நீர் இறங்கும்போது அந்தத் துளைகளில் பூசிக்கொண்டு நின்றுவிடும். வேர்களுக்கு நடுவே நண்டு வளைகள். வற்றத்தில் சேற்றுக்குள் இருக்கும் நீர்மட்டமும் இறங்கும், வளை காலியாகும், மேலே தேங்கிய எண்ணெய் வளைக்குள் வழிந்து ஒரு முழ ஆழத்துக்குப் போகும். அங்கே உயிர்வளி கிட்டத்தட்ட இல்லை. எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் அங்கே மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். மேற்பரப்பு கழுவப்பட்டுப் பளிச்சென்று ஆன பிறகும், வளை வழியே ஏறி இறங்கும் நீரில் அவ்வப்போது வண்ணப் படலம் மிதந்து வருவது இதனால்தான்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சென்னையின் திறந்த கடற்கரையில் ஓதத்துக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை. பருவக்காற்றோடு திசை மாறும் கரையோர நீரோட்டம் அங்கே ஓத ஓட்டத்தைவிடப் பலமானது; மெரினாவுக்கு வந்த கழிவு வடக்கிலிருந்து வந்ததா தெற்கிலிருந்தா என்பதை மாதம்தான் தீர்மானிக்கும். ஓதத்தின் ராஜ்யம் எண்ணூர், கூவம், அடையாறு போன்ற முகத்துவாரங்களுக்குள்.

திறந்த கரையிலும் அது சில இடங்களில் கைவரிசை காட்டும். கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் கடற்கரையில் 1999 கோடையில் நீரில் குடல் பாக்டீரியா அளவு மீறியதால் குளிக்கத் தடை போட்டு வாரக்கணக்கில் மூடினார்கள். பழி முதலில் விழுந்தது 7 கிலோமீட்டர் வெளியே கடலடியில் திறக்கும் கழிவுநீர்க் குழாயின் மீது. ஆராயப்போனவர்கள், கரைக்குப் பின்னால் அழகாக மீட்டெடுத்திருந்த சதுப்புநிலத்தையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பறவைகளின் எச்சம் அங்கே சேற்றில் சேர்கிறது. வற்றம் அதைக் கடலுக்கு இழுத்து வருகிறது. பாக்டீரியா இரவில் கூடுகிறது, பகலில் வெயில் அதைக் கொல்கிறது. 2005இல் தென் கலிபோர்னியாவின் 60 கடற்கரைகளின் பதிவுகளைப் பார்த்த போம், வைஸ்பெர்க் என்ற ஆய்வாளர்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் பெரிய ஓத நாள்களின் வற்றத்தில்தான் பாக்டீரியா அதிகம் என்று கண்டார்கள். உயர ஏறிய நீர் மணலையும் காய்ந்த கடற்பாசிக் குவியலையும் கழுவிக்கொண்டு இறங்குகிறது.

இதிலிருந்து அளப்பவர்களுக்கு ஒரு சிக்கல் வருகிறது. நீரை எப்போது எடுத்துச் சோதிப்பது? அலுவலக வழக்கப்படி மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், காலை 10 மணிக்கு ஒரு பாட்டில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், 14.77 நாளில் ஒரு முழுச் சுற்று பின்தங்கி, மறுபடி அதே மணிக்கே வந்துவிடும். இரண்டு சுற்று சேர்ந்தால் 29.53 நாள், அதாவது நிலவின் மாதம். நம் மாதமோ 30, 31 நாள். ஆகவே மாதா மாதம் அதே தேதியில் அதே மணிக்குப் போகிறவர் முந்தைய மாதம் பார்த்த ஓதத்தையே, முக்கால் மணி நேர வித்தியாசத்தில், பார்த்துவிட்டு வருகிறார். தொடர்ந்து மூன்று நான்கு மாதம் அவருக்குக் கிடைப்பது ஏற்றத்தில் உள்ளே வந்த சுத்தமான கடல்நீராகவே இருக்கலாம். அறிக்கையில் கழிமுகம் நலமாக இருக்கும். பிறகு மெல்ல வற்றத்தின் பக்கம் நகர்ந்ததும் எண்கள் ஏறும். யாரோ புதிதாகக் கழிவை விட்டதாகத் தோன்றும். தினமும் 10 மணிக்கு எடுத்தாலும் தப்ப முடியாது. ஒரு கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களின் உச்ச ஏற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் வரும். பெரிய ஓதத்தின் வற்றம் அந்த ஊரில் விடியற்காலையில் வருமானால், 10 மணிக்காரர் அதை ஆயுளுக்கும் பார்க்கமாட்டார்.

சரியாகச் செய்ய வேண்டுமென்றால் மணிக்கு ஒருமுறை, குறைந்தது 13 மணி நேரம், மேல்நீரும் அடிநீரும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதையே அட்டமியை ஒட்டி ஒருமுறையும் அமாவாசையை ஒட்டி ஒருமுறையும், கோடையிலும் மழைக்காலத்திலும் செய்ய வேண்டும். அதற்குப் படகு வாடகையும் ஆள்கூலியும் பல மடங்காகும். இரவு 2 மணிக்கு வரும் வற்றத்துக்கும் யாராவது பாட்டிலோடு விழித்திருக்க வேண்டும்.